திருகோணமலையிலிருந்து நுவரெலியாவுக்கு: டிசெம்பர் விடுமுறைப் பயணச் சேவை ஒன்றின் மதிப்பீடு

டிசெம்பர் மாதத்துத் திருகோணமலை உல்லாசப் பயணிகளுக்கு உரியதன்று. வடகீழ்ப் பருவமழை நிலாவெளிக் கடலைக் கலக்கிவிடுகிறது, புறாத்தீவுப் படகுகள் கரையேறிவிடுகின்றன, விடுமுறை கிடைத்த பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறார்கள். இந்த நெருக்கடியை நன்கு அறிந்தே நகரத்துப் பயண முகவர்கள் நவம்பரிலேயே “மலையகச் சுற்றுலா” விளம்பரங்களை ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அண்மையில் தனியாளாக நிலையம் நடத்தும் ஒருவரிடம் எங்கள் குடும்பத்தின் நுவரெலியாப் பயணத்தை ஒப்படைத்தோம். அவருடைய சேவையில் புகையிரதம் சார்ந்த பகுதி மிகச் சிறப்பாகவும், பகற்சுற்றுலா சார்ந்த பகுதி அதற்கு நேர்மாறாகவும் அமைந்தன. ஏனைய முகவர்கள் காட்டிய திட்டங்களும் ஏறத்தாழ இதே வார்ப்பில் இருந்தமையால், பெயர் குறிப்பிடாமலே எழுதுகிறேன்.

வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் இலகுவாகத் தோன்றும் வழி ஒன்று உண்டு. திருகோணமலையில் இரவுத் தபால் புகையிரதத்தில் ஏறி, கல்ஓயா, மாகோ, குருநாகல் வழியாகப் பொல்காவலைச் சந்தியில் இறங்கி, அங்கே பதுளைக்குப் போகும் வண்டியைப் பிடிப்பதே அது. நானும் அதைத்தான் கேட்டேன். “அக்கா, பொல்காவலைக்கு வண்டி போய்ச் சேருறது நடுச்சாமத்திலே. அம்மாவையும் பிள்ளைகளையும் வைச்சுக்கொண்டு விடியுமட்டும் வாங்கிலேயா இருக்கப் போறீங்கள்?” என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கொழும்புக் கோட்டை வரை உறங்கிக்கொண்டே சென்று, அங்கே முகம் கழுவித் தேநீர் குடித்துவிட்டு, காலை 6 மணிக்குச் சற்று முன்னர் புறப்படும் பொடி மெனிக்கே என்னும் பதுளை வண்டியில் ஏறுவது அவருடைய திட்டம். பொல்காவலையைக் கடந்து சுமார் 70 கிலோமீற்றர் சென்று, அதே பாதையில் மீண்டும் திரும்பிவருவது வீண் அலைச்சலாகத் தோன்றலாம். ஆயினும் வண்டி புறப்படும் இடத்திலேயே பதிவுசெய்த ஆசனத்தில் நிதானமாக அமர்வதற்கும், நடுவழிச் சந்தியில் பொதிகளோடு கூட்டத்துக்குள் முண்டியடித்து ஏறுவதற்கும் உள்ள வேறுபாட்டை, வயதானவர்களோடு பயணம் செய்தவர்கள் அறிவார்கள்.

ஆசனப் பதிவு பயண நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னர் திறக்கப்படுகிறது. விடுமுறைக் காலத்தில் மலையகப் பாதையின் ஆசனங்கள் திறந்த வேகத்திலேயே தீர்ந்துவிடும். முகவர் எங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கங்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்து, பதிவு திறந்த காலையிலேயே காரியத்தை முடித்திருந்தார். திருவெம்பாவை தொடங்குமுன் ஊர் திரும்பிவிட வேண்டும் என்று அம்மா சொல்லுமுன்னரே நாட்காட்டியைப் புரட்டி அதற்கேற்ப நாட்களைக் குறித்ததும் அவரேதான். கொழும்பிலுள்ள எந்த நிறுவனத்துக்கும் இது தோன்றியிராது. முதலாம் வகுப்புக் கேட்டவர்களையும் அவர் இரண்டாம் வகுப்புக்குத் திருப்பிவிடுகிறார். குளிரூட்டப்பட்ட பெட்டியின் கண்ணாடிகள் திறப்பதில்லை. மலையகப் பாதையிலோ, திறந்த யன்னலுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

அந்த யன்னலின் பெறுமதி றம்புக்கணையைத் தாண்டியதும் தெரிந்தது. அங்கிருந்து கடுகண்ணாவை வரை பாதை 44 அடிக்கு ஓரடி என்ற அளவில் உயர்கிறது. எஞ்சினின் முனகல் மாறுவதைக் காதாலேயே உணரலாம். கோப்பியையும், பின்னர் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக ஆங்கிலேயர் அமைத்த இப்பாதை, நுவரெலியாவுக்குச் செல்வோர் இறங்கும் நிலையமான நானுஓயாவை எட்டியது 1885 இல். ஹற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. அதற்குள் வண்டி நுழைந்ததும் பெட்டி முழுவதும் ஒரே குரலில் கூவத் தொடங்கியது. முன்பின் அறியாத சிங்களப் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வடைக்காரர் ஒருவர் அந்த இருட்டிலும் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, ஒருவர் காலையும் மிதிக்காமல் நடந்து சென்றார். வெளிச்சம் வந்தபோது எங்கள் கையில், செத்தல் மிளகாய் வைத்த வடை கடதாசியில் சுற்றியபடி இருந்தது. மதியம் கடந்து நானுஓயாவில் இறங்கும்வரை அம்மா ஒருமுறையேனும் “எப்ப வரும்” என்று கேட்கவில்லை. இப்படி ஒரு பயணம் அமைந்ததற்கு முகவருக்கு முழுப் புள்ளிகளும் கொடுக்கலாம்.

விடுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறைகள் சுத்தமானவை, போர்வைகள் தடிப்பானவை, சுடுநீர் மட்டும் மாலையில் நேரம் பார்த்தே வந்தது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், டிசெம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குவதுண்டு. கரையோரத்தில் வளர்ந்தவர்கள் காலுறையையும் கம்பளித் தொப்பியையும் மறக்காமல் எடுத்துச் செல்லவேண்டும்.

குறைகள் பகற்சுற்றுலாவிலேயே தொடங்குகின்றன. ஹோட்டன் சமவெளி, அம்பேவெலப் பண்ணை, ஹக்கல தாவரவியற் பூங்கா, சீத்தா எலிய சீதை அம்மன் ஆலயம், கிரகறி வாவி ஆகிய அனைத்தும் அவருடைய தாளில் ஒரே நாளுக்குள் அடைக்கப்பட்டிருந்தன. ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்னும் மலைவிளிம்பு வரை சென்று திரும்பும் நடைபாதை மட்டுமே சுமார் 9 கிலோமீற்றர். எண்ணூறு மீற்றருக்கும் அதிகமாகச் செங்குத்தாக இறங்கும் அந்த விளிம்பில் நின்று கீழே பார்க்க வேண்டுமானால், காலை ஒன்பது, பத்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். அதன்பின் பெரும்பாலும் மூடுபனி ஏறிவிடும். நுவரெலியாவிலிருந்து ஐந்து மணிக்கே புறப்பட்டால்தான் இது இயலும் என்பதை முகவரும் அறிந்தே எழுதியிருந்தார். அவர் பேசிவைத்த வான் வந்ததோ ஏழு மணிக்குப் பின்னர். உலக முடிவில் நாங்கள் கண்டது ஒரு வெள்ளைச் சுவர். சாரதியைக் கேட்டால் முகவரைக் கேளுங்கள் என்றார். முகவரோ தொலைபேசியில், சாரதி தன்னுடைய ஆள் அல்லர் என்றார். பயணி ஒருவர் பணம் கொடுத்து முகவரை நாடுவதே இந்த இழுபறி தன் தலையில் விழக்கூடாது என்பதற்காகத்தான்.

ஆயினும் அந்த நடை வீண்போகவில்லை. நுழைவிடத்தில் வனசீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் பைகளைத் திறந்து, தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வில்லையை உரித்தெடுத்து, பிஸ்கட்டுகளைப் பொலித்தீன் உறையிலிருந்து கடதாசிப் பைக்கு மாற்றித் தந்தார். வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் அதையே சலிப்பின்றிச் செய்தார். அத்தனை பேர் நடக்கும் பாதையோரத்தில் ஒரு பொலித்தீன் துண்டுகூட என் கண்ணில் படவில்லை. நம்முடைய கன்னியா வெந்நீரூற்றை நினைத்துப் பெருமூச்சு விட்டதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

அன்று மிகுதி இடங்களை நாங்களே வெட்டிவிட்டு, ஹக்கலவையும் சீதை அம்மன் ஆலயத்தையும் மறுநாளுக்கு ஒதுக்கினோம். இரண்டும் ஒரே வீதியில், ஒன்றுக்கொன்று மிக அருகில் இருப்பதால் முச்சக்கர வண்டியே போதுமானது. சிங்கோனா மரம் வளர்ப்பதற்காக 1861 இல் தொடங்கப்பட்ட ஹக்கல பூங்காவில் பூக்களைத் தேடிச் செல்பவர்கள் ஏப்ரலில் செல்வதே நல்லது. டிசெம்பரில் பன்னங்களும் பெருமரங்களுமே ஆறுதல்.

எல்ல வரையிலான பகற்பயணத்தைத்தான் முகவர் தம் திட்டத்தின் மகுடமாகச் சொன்னார். அதை டிசெம்பரில் விற்பது சரியன்று என்பது என் கருத்து. நானுஓயாவிலிருந்து செல்லும் வண்டி, 1,891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளிவரும்போது ஊவாச் சரிவுக்குள் வந்துவிடுகிறது. அது கிழக்கு நோக்கிய சரிவு. திருகோணமலையில் எந்த மழைக்குப் பயந்து புறப்பட்டோமோ, அதே வடகீழ்ப் பருவமழை அங்கே எங்களுக்காகக் காத்திருந்தது. 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் குடைக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு, சேற்றுச் சப்பாத்துகளோடு மாலை வண்டியில் திரும்பினோம். தெற்காசியாவின் மழைக்காலங்களை அறியாத வெளிநாட்டவருக்கு இதை விற்பதை ஒருவாறு மன்னிக்கலாம். வாடைக்காற்றிலேயே பிறந்து வளர்ந்த நம்மூர் முகவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எனவே இத்தகைய முகவர்களிடம் செல்பவர்கள், புகையிரதப் பதிவையும் விடுதியையும் மட்டும் அவர்களிடம் விட்டு, சுற்றுலா வானுக்கு முற்பணம் கொடுக்காதிருப்பது உத்தமம். விடுதிக்காரரிடம் முதல்நாள் மாலையே கேட்டால், அதிகாலையில் ஹோட்டன் சமவெளிக்குப் போகும் வான் கிடைக்கும். பணத்தைத் திரும்பி வந்தபின் கொடுத்தால் போதும். மீள்வருகைக்கு அதே புகையிரதச் சுற்றை மீண்டும் சுற்ற வேண்டியதில்லை. றம்பொடை வழியாகக் கண்டிக்கு இறங்கி, அங்கிருந்து தம்புள்ளை, ஹபரணை ஊடாகப் பேருந்தில் வந்தால் இருட்டுமுன் கந்தளாயைக் கடந்துவிடலாம். டிசெம்பர் நடுப்பகுதியில் புறப்பட எண்ணுவோர் அடையாள அட்டைப் பிரதிகளை நவம்பர் முதல் வாரத்திலேயே முகவரிடம் கொடுத்துவிட வேண்டும்.