காதர்பேட்டையில் வாங்கிய தெர்மல், பனிக்கடலில் போட்டுப் பார்த்தது

அண்டார்க்டிகா போகும் கப்பலில் வண்டி மெக்கானிக்காகப் போக வேண்டியிருந்தது. மேல்கோட்டும் பூட்ஸும் கொடுத்துவிட்டார்கள். உள்ளே போடும் குளிர் உள்ளாடை, அதாவது தெர்மல், வாங்கத் திருப்பூர் காதர்பேட்டை போனேன். எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கும் சின்னக் கடை. காட்டன் தெர்மலை எடுத்ததுமே கடைக்கார அண்ணன் தடுத்துவிட்டார். “அது வேண்டாமுங்க தம்பி, வேர்வையைக் குடிச்சுட்டு ஒடம்போட ஒட்டிக்கும். அப்புறம் காத்தடிச்சா வெறைச்சுப் போயிருவீங்க.” ஊரே பருத்தியில் பிழைக்கும்போது இப்படிச் சொல்ல மனசு வேண்டும். அவர் கொடுத்தது மெரினோ ஆட்டுக் கம்பளி, 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 200 கிராம் எடை). இரண்டு செட் 5,200 ரூபாய்.

கேப் டவுனில் கிளம்பி 40 டிகிரி அட்சரேகை தாண்டியதும் கப்பல் ஆடிய ஆட்டம் பனிக்கட்டிக்குள் நுழைந்த பிறகுதான் அடங்கியது. பாளங்களுக்கு நடுவே இட்டேரி மாதிரி, வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம் மாதிரி, கறுப்பாகத் தண்ணீர் கிடக்கும். முடிந்தவரை அதிலேயே வளைந்து வளைந்து போவார்கள். தூரத்து மேகத்தின் அடி கறுத்திருந்தால் அந்தப் பக்கம் திறந்த தண்ணீர், வெளுத்திருந்தால் பனி. காற்று திரும்பினால் இட்டேரி மூடிக்கொள்ளும். அப்போதுதான் மோதல். கப்பல் பனியைக் கத்தி மாதிரி வெட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. சரிந்த மூக்கு பாளத்தின் மேல் ஏறும், கப்பலின் எடை அழுத்தும், பாளம் விரிசல் விட்டு உடையும். உடையாவிட்டால் வந்த தடத்திலேயே பின்னால் போய், வேகமெடுத்து மறுபடி.

ஒருநாள் காலையிலிருந்து மதியம் வரை ஒரே பனிமேட்டை மோதிக்கொண்டிருந்தோம். அதிர்ச்சியில் டெக்கில் வண்டிகளைக் கட்டியிருந்த சங்கிலிகள் தளர, ஒரு மணி நேரம் இறுக்கினோம். முதுகெல்லாம் வேர்வை. முடிந்ததும் காற்றில் சும்மா நின்றேன். ஈரம் தெரிந்தது, குளிர் ஏறவில்லை. காட்டன் பனியன் போட்டிருந்த கேபின் நண்பர் நடுங்கிக்கொண்டே உள்ளே ஓடிவிட்டார். நான்கு நாள் துவைக்காமல் போட்டும் நாற்றமில்லை, அது பெரிய விஷயம்.

குறையும் உண்டு. தோளில் ஓவர்லாக் தையல், உள்பக்கம் தடித்து நிற்பது; கனமான கோட்டுக்கு அடியில் உரசிப் புண்ணாக்கியது. தட்டையாகப் படியும் ஃபிளாட்லாக் தையலா என்று திருப்பிப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டு அளவு என்பதால் ஒரு சைஸ் குறைத்தே எடுக்கலாம். இடது மணிக்கட்டில் இழுபடும் ரிப் பட்டி மூன்றாவது வாரமே பிரிந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் அதை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் துணியை விரலில் தேய்த்துப் பார்த்தார். “கம்பளி கெடலீங்க, நூல்தான் விட்டிருக்குது.” அங்கேயே தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.