காவடிக்கு 5 வோல்ட், கூரைக்கு 12 வோல்ட்: எல்.ஈ.டி. ஸ்டிரிப் எதை வாங்குவது?

தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எங்கள் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, காவடிக்கு லைட் போடணும், எந்த ஸ்டிரிப் வாங்குறது?" மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பக்கம் எங்கள் தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு. சுற்றிலும் செம்பனை, மிச்சமிருக்கும் கொஞ்சம் பால்மரம், அதாவது ரப்பர். அடுப்படிக்குப் பின்னால் கிடக்கும் பழைய தையல் மேசைதான் என் பட்டறை. பக்கத்துக் கூலிமில் 2017-இல் ஒஸ்ராம் நிறுவனம் எல்.ஈ.டி. சில்லு ஆலையே திறந்தது. நாங்கள் ஒட்டும் ஸ்டிரிப் மட்டும் சீனாவிலிருந்து பார்சலில் வருகிறது.

வருகிறவர்கள் நிறத்தைக் கேட்பார்கள், வெளிச்சத்தைக் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கரண்ட் எவ்வளவு தூரம் போகணும், பேட்டரியை யார் தூக்கணும்?

கடைசியில் போட்டி நான்கு பேருக்குள்தான். முதலாவது டபிள்யூ.எஸ். 2812பி, 5 வோல்ட். ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு குட்டி ஐ.சி., அதாவது கட்டளை கேட்கும் சில்லு, அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் கொடுக்கலாம். இரண்டாவது 2811, 12 வோல்ட். இதில் பெரும்பாலும் மூன்று விளக்குக்கு ஒரு ஐ.சி., மூன்றும் சேர்ந்தே நிறம் மாறும். மூன்றாவது 2815. 12 வோல்ட்தான், ஆனால் விளக்குக்கு விளக்கு தனி நிறம், விலையும் கூட. நான்காவது ஒரே நிறத்தில் எரியும் சாதாரண 12 வோல்ட் ஸ்டிரிப். யாரும் அதை மதிப்பதில்லை. நான் மதிப்பேன், காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் கூரை. ஒரு தீபாவளிக்கு வீட்டு முகப்பில் 10 மீட்டர் 2812 ஓட்டினேன். மீட்டருக்கு 60 விளக்கு, ஒரே முனையில் மின்சாரம். முழு வெள்ளையில் போட்டுப் பார்த்தால் ஆரம்பத்தில் பால் மாதிரி வெள்ளை, நடுவில் மஞ்சள், கடைசியில் சிவப்பு. வாசலில் நின்று பார்த்த பெரியம்மா, "கடைசி லைட்டெல்லாம் வெத்தலை போட்டிருக்குடா" என்றார்.

விஷயம் இதுதான். ஒரு 2812 முழு வெள்ளையில் ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 600 விளக்குக்குக் கணக்குப் போட்டால் 36 ஆம்பியர். ஸ்டிரிப்பில் இருக்கும் செம்புத் தகடோ காகிதம் போல மெல்லியது. போகப் போக வோல்ட் இறங்கும். சிவப்பு எல்.ஈ.டி.க்கு 2 வோல்ட் அளவு போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். அவை இரண்டும் முதலில் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய தடித்த ஒயரை எடுத்து நடுவிலும் கடைசியிலும் தனியாக மின்சாரம் கொடுத்த பிறகுதான் பெரியம்மாவின் வாய் மூடியது.

அதே 600 விளக்கு 12 வோல்ட் 2811-இல் என்றால் 200 குழு. குழுவுக்கு அதே 60 மில்லி ஆம்பியர், மொத்தம் 12 ஆம்பியர்தான். மூன்றில் ஒரு பங்கு கரண்ட், வழியில் இறங்கும் வோல்ட்டும் அதே கணக்கு. இரண்டு முனையிலும் மின்சாரம் கொடுத்துவிட்டால் நிறம் மாறாமல் நிற்கும். 5 சென்டிமீட்டர் துண்டு துண்டாகத்தான் நிறம் ஓடும் என்பது குறைதான், ஆனால் ரோட்டிலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியப்போவதில்லை. அடுத்த வருஷமே கூரைக்கு 2811-க்கு மாறிவிட்டேன், இன்றுவரை வருத்தமில்லை.

மழையையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் தீபாவளி நேரத்தில் சாயங்காலம் ஆனால் இடியும் மழையும்தான். மேலே சிலிக்கோன் பூசிய ஐ.பி. 65 (தூசி, நீர்த் தடுப்புத் தர எண்) ஸ்டிரிப் சாரலுக்குத் தாங்கும். ஆனால் நாம் வெட்டி, ஈயம் உருக்கி ஒயரை ஒட்டச் சூடு வைக்கும் இடத்தில் பூச்சு போய்விடுகிறதே! அங்கே சிலிக்கோன் பசை வைத்து மூடாவிட்டால் ஒரே வாரத்தில் பச்சைப் பாசி மாதிரி களிம்பு ஏறும். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் பவர் சப்ளை பெட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அதன் திறந்த முனையில் இருப்பது 230 வோல்ட்.

இனி காவடி. இங்கே கணக்கு தலைகீழ். மயில்தோகை வளைவுக்கு 2 மீட்டர், 120 விளக்கு போதும். தூரம் குறைவு, வோல்ட் இறங்கும் கவலை இல்லை. கவலை எல்லாம் தோள்பட்டைதான். 12 வோல்ட் வேண்டுமென்றால் 7 ஆம்பியர் மணி மூடிய ஈய-அமில பேட்டரியே 2 கிலோவைத் தாண்டும். பவர் பேங்க்கிலிருந்து 12 வோல்ட் எடுக்கும் குட்டி பலகையும் விற்கிறார்கள். ஆனால் எல்லா பவர் பேங்க்கும் 12 கொடுக்காது. வாங்கிய பிறகு தெரிந்தால் வயிற்றெரிச்சல்தான். 5 வோல்ட் 2812 என்றால் சாதாரண பவர் பேங்க்கே போதும். 120 விளக்கும் முழு வெள்ளையில் எரிந்தால் 7.2 ஆம்பியர் வரும், உண்மைதான். ஆனால் விளக்கை வைஃபை வழியே போனிலிருந்து இயக்கவிடும் ஈ.எஸ்.பி. 8266 பலகையில் டபிள்யூ.எல்.ஈ.டி. மென்பொருளைப் போட்டால், இவ்வளவுக்கு மேல் இழுக்காதே என்று வரம்பு வைக்கலாம். நான் 2 ஆம்பியர் வைப்பேன். இரவில் அதுவே கண்ணைப் பறிக்கும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பவர் பேங்க் 5 வோல்ட்டில் 12,000 பக்கம்தான் உருப்படியாகத் தரும். அதாவது ஆறு மணி நேரம், ஆற்றங்கரையிலிருந்து சன்னதி வரை போதும்.

2812-க்கு ஒரு சாபம் உண்டு. தகவல் ஒரு விளக்கிலிருந்து அடுத்ததுக்குக் கைமாறித்தான் போகும், அதுவும் ஸ்டிரிப்பில் அச்சடித்த அம்புக்குறி காட்டும் பக்கம் மட்டும். நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் எதுவும் நம் பேச்சைக் கேட்காது. போன வருஷம் உறுமி வேகம் எடுத்து தம்பி ஆடத் தொடங்கியதும், வளைவில் வைத்த சூடு விட்டுப்போய் காவடியின் இடது பாதி இருட்டாகிவிட்டது. "2815 வாங்கியிருந்தா தப்பிச்சிருக்கலாமே" என்றார்கள். 2815-இல் மாற்றுத் தகவல் கோடு ஒன்று இருப்பது சரிதான். ஒரு ஐ.சி. செத்தாலும் அடுத்தது பிழைத்துக்கொள்ளும். ஆனால் சூடு வைத்த இடமே பிய்ந்தால் எல்லாக் கோடும் சேர்ந்துதான் போகும். கூடுதல் காசுக்கு அங்கே பலனில்லை. எட்டாத உயரத்தில், கழற்ற முடியாத இடத்தில் நிரந்தரமாக ஒட்டுவதற்கு 2815 சரியான ஆள். காவடிக்கு நான் கண்ட வழி வேறு. வளைவின் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனி ஸ்டிரிப், இரண்டுக்கும் ஒரே தகவல் ஒயர். ஒரு பக்கம் போனாலும் மறு பக்கம் எரியும்.

பூஜை மாடத்துக்கு மட்டும் இந்த மூன்றும் வேண்டாம். சிவப்பு, பச்சை, நீலம் கலந்து வரும் வெள்ளையில் மஞ்சள் பகுதி ஒளி குறைவு. சந்தனக் காப்பு சாம்பல் பூத்த மாதிரி தெரியும், குங்குமம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 3000 கெல்வின் சாதாரண மஞ்சள்-வெள்ளை ஸ்டிரிப்பைப் போட்டுப் பாருங்கள், சாமி முகத்தில் உயிர் வரும்.

விளக்கை இயக்கும் பலகையில் பெரிய சண்டை இல்லை. ஆர்டுயினோ நானோ என்ற பலகை தகவலை 5 வோல்ட்டில் பேசும், ஆனால் போனில் மாற்ற வழியில்லை. ஈ.எஸ்.பி. 3.3 வோல்ட்டில் பேசுகிறது, 5 வோல்ட்டில் ஓடும் 2812 தகவல் ஒயரில் கேட்பது குறைந்தது 3.5. பல நேரம் ஓடிவிடும், சில நேரம் பைத்தியம் பிடித்த மாதிரி மினுக்கும். நடுவில் 3.3 வோல்ட் பேச்சை 5 வோல்ட்டாக உயர்த்தும் 74 ஏ.எச்.சி.டி. 125 சில்லு ஒன்று போட்டால் தொல்லை விட்டது.

இந்த வருஷம் அதே தம்பி தானே சூடு வைக்கிறேன் என்று வந்து உட்கார்ந்தான். ஈயம் உருகி புகை எழுந்ததும் உள்ளேயிருந்து அம்மா, "யாருடா இந்நேரத்துல சாம்பிராணி போடுறது?" என்றார். இரண்டு பக்கமும் ஒட்டி முடித்து பவர் பேங்க்கைச் செருகினான். வலது பக்கம் மயில் நீலத்தில் எரிந்தது, இடது பக்கம் அசையவில்லை.

"அண்ணே, ஸ்டிரிப் கெட்டுப்போச்சு போல."

"அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்குது, பாரு."

ஸ்டிரிப்பை விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் சூட்டுக்கோலை மறுபடி எடுத்தான்.