அப்பாவின் முதுகு: மத்திய வீதிப் படக்கடையில் வரையக் கொடுத்த ஓவியம்

திருகோணமலை மத்திய வீதியில் இருந்து பிரியும் ஒரு சந்துக்குள், தையல் கடைக்கும் சைக்கிள் திருத்தும் கடைக்கும் நடுவில் இருக்கிறது இந்தப் படக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. பிரேம் போட்டு வாசலில் சாத்தி வைத்திருக்கும் சாமிப் படங்கள்தான் அடையாளம். எல்லாரும் பிரேம் போடத்தான் போகிறார்கள். கடைக்கார அண்ணை கையால் ஓவியம் வரைவார் என்பது எனக்கே போன வருடம்தான் தெரியும். அவரிடம் ஒரு கரைவலைப் படம், கரையில் நின்று பலர் சேர்ந்து வலை இழுக்கும் காட்சி, வரையக் கொடுத்தேன்.

என் அப்பா இங்கே திருகோணமலைக் கரையோரத்துத் திருக்கடலூரில் கரைவலை இழுத்தவர். 2001இல் காலமானார். 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் வீட்டுக்குள் வந்தபோது ஆல்பமும் போய்விட்டது. அடையாள அட்டைப் படம்கூட மிஞ்சவில்லை. புது வீடு கட்டி முடிந்ததும் வரவேற்பறைச் சுவரில் அவருடைய கடல் இருக்க வேண்டும் என்று ஆசை. முதலில் கன்வஸில் அச்சடித்துத் தரும் ஒரு கடையில் 4,500 ரூபாவுக்கு ஒரு கடற்கரைப் படம் வாங்கி மாட்டினேன். வளைந்த தென்னை, வெள்ளை மணல், அந்திச் சூரியன். "இது எந்த ஊர்க் கரை?" என்று அம்மா கேட்டார். ஒரு மாதத்தில் கழற்றிவிட்டேன். நமது கரையில் சூரியன் கடலில் இருந்து எழும்புமே தவிர அங்கே விழாது.

படக்கடை அண்ணை பென்சிலைத் தொடுவதற்கு முன்பு ஒரு மணி நேரம் என்னிடம் கேள்வி கேட்டார். கயிறு தும்புக் கயிறா, நைலோனா? அப்பா எந்தப் பக்கக் கயிற்றில் நிற்பார்? தலையில் துண்டு கட்டுவாரா? இழுக்கும்போது யார் அம்பா பாடுவது? கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொன்னேன். அப்பாதான் பாடுவார்.

அம்பாப் பாட்டை யார் இயற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. அது கரையின் பாட்டு. ஆனால் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடும்போது, எடுத்துக் கொடுப்பவர் தன் சொந்தக் கதையை இடையில் நுழைத்துவிடுவார். அப்பா, அம்மா கோபித்துக்கொண்டு சோறு போடாத நாளை அம்பாவில் பாடி முழுக் கரையையும் சிரிக்க வைத்ததை நானே நின்று கேட்டிருக்கிறேன். இருபது பேரின் மூச்சுக்கு ஏற்ற மெட்டு, ஆனால் அந்த வரி எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்து போனது.

படம் வரைய ஆறு கிழமை போதும் என்றார். நான்கு மாதம் எடுத்தது. நான் கொடுத்தது ஐப்பசியில். மாரியில் எண்ணெய் வர்ணம் காய்வதில்லை. இதை அவர் முன்பே சொல்லியிருக்கலாம். நீங்கள் கொடுப்பதானால் தை பிறந்த பிறகு கொடுங்கள்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். அழுகையே வந்துவிட்டது. எட்டுப் பேர் வலை இழுக்கிறார்கள், எட்டுப் பேருக்கும் முகம் இல்லை. எல்லாம் முதுகு.

"அண்ணை, அப்பாவின் முகம் எங்கே?"

"இடுப்புக் கயிற்றைக் கொளுவிப் பின்னுக்கு நடக்கிற ஆள் கடலைப் பார்த்துத்தானே தங்கச்சி நிற்பார்? சின்னதில் ஒரு பையைப் பிடிச்சுக்கொண்டு கரையில் நிண்டனான். இழுத்து முடிஞ்சதும் கை நிறையச் சூடை மீன் தருவினம். அதுவரைக்கும் நான் பார்த்தது இந்த முதுகுகளைத்தான்."

அவர் மீனவர் குடும்பம் அல்ல. பசியோடு காத்து நின்ற பிள்ளை. படத்தில் இருப்பது அந்தப் பிள்ளை நின்ற இடம். சரி, அது அவருடைய கதை, என் காசுக்கு என் அப்பா அல்லவா வேண்டும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் கிட்டப் போய்க் கால்களைப் பார்த்தேன். இரண்டாவது ஆளின் குதிகால் ஈர மணலில் புதைந்து, விளிம்பில் தண்ணீர் கசிந்து நிற்கிறது. விரல்கள் மேலே தூக்கியிருக்கின்றன. முழு உடலும் அந்தக் குதிகாலில் நிற்கிறது. அப்பாவின் குதிகால் வெடிப்பில் இரவில் அம்மா தேங்காய் எண்ணெய் பூசுவது ஞாபகம் வந்தது. நானும் கரையில் நின்ற பிள்ளைதானே. வேலை செய்யும் அப்பாவின் முகத்தை நான் எப்போது பார்த்தேன்?

கலை என்பது சமூகத்தின் கண்ணாடி என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியிருக்கிறேன். இந்தப் படம் வந்த பிறகு அதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. கண்ணாடி முன்னால் நிற்பதை எல்லாம் காட்டும். இவர் எட்டு முதுகை மட்டும் எடுத்துக்கொண்டார். திருக்கடலூர் முழுவதும் இதில் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அது ஒரு ஆளின் கண் வழியாக மட்டுமே உள்ளே வந்திருக்கிறது. சம்பந்தர் எங்கள் கோணமலைக் கோவிலைப் பாடியது இராமேஸ்வரத்தில் இருந்தபடியே என்பது மரபு. அந்தப் பதிகத்தில் கடல் இரைகிறது, அலை முத்தைக் கொண்டுவந்து குவிக்கிறது. கடலோடிகள் சொல்லக் கேட்டிருப்பார். அதே சேதியை ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள், பாட்டு ஒருவரிடம்தான் வந்தது.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். அதே கடை வாசலில் சாத்தி வைத்திருக்கும் லட்சுமி படத்தைப் பாருங்கள். சேலை கட்டித் தாமரை மேல் நிற்கும் அந்தக் கோலம் வீடு வீடாகப் போனதற்குப் பெரிய காரணம் ரவிவர்மா. 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி அவர் பரப்பிய படங்கள் அவை. இன்று கண்ணை மூடினால் நமக்கு வரும் லட்சுமி, ஒரு தனி மனிதர் வரைந்த முகத்தின் வழியில் வந்தவள்தான்.

இனி வேலையைப் பற்றி. இரண்டடிக்கு மூன்றடி, தேக்குப் பிரேமோடு 32,000 ரூபா, பாதி முன்பணம். பிரேமின் ஒரு மூலை இரண்டு மாதத்தில் விலகியது. கொண்டுபோனேன், மறுபேச்சுப் பேசாமல் கழற்றி இலவசமாகவே திருப்பிப் பூட்டித் தந்தார். உப்புக்காற்றும் பூச்சியும் போகாதபடி பின்பக்கத்தைத் தாள் ஒட்டி மூடுகிறார், கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். கடல் பார்த்த சுவரில் மாட்ட வேண்டாம் என்றும் சொன்னார். கடல் நிறம் மட்டும் எனக்கு இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. எங்கள் விடியலுக்கு அது கொஞ்சம் அதிகமாகக் கறுத்துவிட்டது.

அம்மா நெடுநேரம் பார்த்தார். "அவர் மாதிரி இல்லை. ஆனா இழுக்கிறது அவர் இழுக்கிற மாதிரித்தான்" என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் படத்துக்கு நேரே போட்டுக்கொண்டார்.

கனடாவில் இருக்கும் தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இதேபோல் தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். அண்ணையிடம் கேட்டால் மாட்டேன் என்றார். "இதையே திருப்பிக் கீறினால் கை மட்டும்தான் வேலை செய்யும். தம்பிக்கு அப்பாவைப் பற்றி என்ன ஞாபகம் எண்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கோ, அதைக் கீறுவம்."

தம்பி மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறான். மீன் விற்ற காசை அப்பா சாரத்து மடிப்பில் முடிந்துகொண்டு, அவனைத் தோளில் ஏற்றிக் கோட்டை வாசலுக்குப் போய் மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்தாராம். எனக்கு இது தெரியவே தெரியாது. கடிதத்தைப் போன கிழமை அண்ணையிடம் கொடுத்துவிட்டு முன்பணமும் கட்டிவிட்டு வந்தேன்.