டெப்கான்ஃப்: முன்னால் ஆள் இல்லாத நிறுவலில் எப்படி?

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் ஓடும் சர்வர்களில் ஸ்கிரிப்ட் எழுதி மென்பொருள் தொகுப்புகளை நிறுவுவோருக்கு டெப்கான்ஃப் புதிதல்ல. ஜோயி ஹெஸ் எழுதிய இக்கருவி, நிறுவலின்போது தொகுப்புகள் கேட்க விரும்பும் கேள்விகளைத் தானே கேட்டுப் பதில்களைச் சேமித்து வைக்கிறது. விசைப்பலகை முன் ஆள் இருக்கும்வரை அதில் குறை சொல்ல ஏதுமில்லை. நள்ளிரவில் தானாக ஓடும் வேலைகளில்தான் அதன் சுபாவம் தெரியவருகிறது.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் கிரான் வழியாக ஓடும் ஸ்கிரிப்டில், டெர்மினலின் வகையைச் சொல்லும் 'டெர்ம்' என்ற சூழல் மாறிக்கு வழக்கமாக மதிப்பு இராது. அதைக் கண்டதும் டெப்கான்ஃப், டெர்ம் அமைக்கப்படவில்லை, ஆகவே முழுத்திரைப் பெட்டியில் கேள்வி கேட்கும் டயலாக் முகப்பைப் பயன்படுத்த இயலாது என்று எச்சரித்துவிட்டு ரீட்லைன், டெலிடைப் என்ற எளிய எழுத்து முகப்புகளுக்குப் படிப்படியாகக் கீழிறங்கும். மதிப்பு 'டம்ப்' (dumb) என்றிருந்தாலும், திரையில் 13 வரியும் 31 எழுத்து அகலமும் இல்லாவிட்டாலும் டயலாக் வராது. இந்த எச்சரிக்கையைப் படிப்பவர் எவரும் டெர்முக்கு 'லினக்ஸ்' என்று மதிப்புக் கொடுத்துவிட்டால் போதும் என்றே நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எச்சரிக்கை மறைந்தது. சில நாள் கழித்து அதே ஸ்கிரிப்டைப் போலி டெர்மினல் ஒதுக்கித் தரும் வேறொரு கருவியில் ஓட்டியபோது, போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் தொகுப்பு தன் அஞ்சல் அமைப்பு எவ்வகை என்று கேட்டு முழுத்திரைப் பெட்டியைத் திறந்து, விடியும்வரை பதிலுக்குக் காத்திருந்தது. காலையில் பதிவுக் கோப்பைத் திறந்தால், வண்ணக் குறியீடுகளின் குப்பைக்கு நடுவே அக்கேள்விக்கான விடைகளில் ஒன்றான 'இன்டர்நெட் சைட்' என்ற சொற்கள் மட்டும் படிக்கும்படி இருந்தன.

எச்சரிக்கை வாசகம் பொய் சொல்லவில்லை. ஆனால் தவறான மருந்தைக் காட்டுகிறது என்பதே இக்கருவிமீது எனக்குள்ள முதன்மையான குறை. அமைக்க வேண்டியது டெர்ம் அல்ல, எந்த முகப்பு என்பதைத் தீர்மானிக்கும் 'டெபியன் ஃப்ரண்ட்எண்ட்' (DEBIAN_FRONTEND) மாறி. அதற்கு 'நான்இன்டராக்டிவ்' என்று மதிப்புக் கொடுத்தால் எல்லாக் கேள்விகளுக்கும் இயல்பு விடைகள் ஏற்கப்படும். இயல்பு விடை பொருந்தாத இடங்களில், டெப்கான்ஃப்-செட்-செலக்ஷன்ஸ் கட்டளையால் நமது விடையை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். இக்கருவியில் நான் மனமாரப் பாராட்டும் வசதி இதுவே.

இங்கும் ஒரு வேடிக்கை உண்டு: கட்டளைகளை நிர்வாகி உரிமையுடன் ஓட்டும் சூடோ தன் இயல்பு அமைப்பில் டெர்மை அப்படியே கடத்திவிட்டு, நமக்குத் தேவையான ஃப்ரண்ட்எண்ட் மாறியைக் கழற்றிவிடும். ஆகவே மதிப்பைச் சூடோவுக்குப் பின்னால், தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் கட்டளைக்கு முன்னால் எழுத வேண்டும். கன்டெய்னர் படிமத்தை உருவாக்கும் டாக்கர் கோப்பில் 'என்வ்' (ENV) வரியாக எழுதினால் அது படிமத்திலேயே தங்கிவிடும் என்பதால், உருவாக்கும்போது மட்டும் செல்லும் 'ஆர்க்' (ARG) வரியே மேல்.

இவ்வளவும் செய்த பிறகும், நாம் திருத்திய அமைப்புக் கோப்பை மாற்றலாமா என்று, ஆப்டுக்கு அடியில் நிறுவலைச் செய்யும் டிபிகேஜி தனியே கேட்கும். அக்கேள்வி டெப்கான்ஃபின் கைக்கு வராது. அதற்கு, இயல்பு முடிவை ஏற்கச் சொல்லும் 'ஃபோர்ஸ்-கான்ஃப்டெஃப்', அது இல்லாதபோது பழைய கோப்பையே வைத்துக்கொள்ளச் சொல்லும் 'ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட்' விருப்பங்களையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். நான்இன்டராக்டிவ் முகப்பு பிழைச் செய்திகளை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு மின்னஞ்சலாக அனுப்பவும் கூடும். அந்த அஞ்சல்பெட்டியை நான் கடைசியாக எப்போது திறந்தேன் என்பது எனக்கே நினைவில்லை.