டிஸ்க்பார்ட்: திடீரென முளைத்த டிரைவுக்குச் சரியான கருவி

பெரிய அப்டேட் ஒன்று முடிந்து கணினியைத் திறந்தால், ‘திஸ் பிசி’யில் ஈ என்றோ எஃப் என்றோ புதிதாக ஒரு டிரைவ். அளவு 500 எம்பி சொச்சம், பட்டை முழுக்கச் சிவப்பு. உள்ளே போனால் ஒன்றும் கண்ணில் படாது. ‘இடம் போதவில்லை’ என்ற அறிவிப்பு மட்டும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். வைரஸ் என்று பயப்பட வேண்டாம். கணினி பழுதானால் கைகொடுக்க டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த பகுதி, அதாவது ரெக்கவரி பார்ட்டிஷன்தான் அது. மறைந்தே இருக்க வேண்டியதற்கு டிரைவ் லெட்டர் கிடைத்துவிட்டது. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பை நிறுவிய பலருக்கு இதுவே நேர்ந்தது.

டிரைவ்களை நிர்வகிக்க விண்டோஸில் இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் இங்கே உதவாது. அந்தப் பார்ட்டிஷன்மேல் ரைட் கிளிக் செய்தால் ‘ஹெல்ப்’ தவிர வேறொன்றும் வராது. இதற்காகக் காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்கவும் தேவையில்லை. விண்டோஸோடு வரும், கட்டளைகளைத் தட்டி இயக்கும் டிஸ்க்பார்ட் போதும். இந்த வேலைக்கு அதற்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். ஒன்றைக் குறைத்த காரணம் பின்னால் வருகிறது.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘டிஸ்க்பார்ட்’ (diskpart) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். இனி வரும் கட்டளைகளும் ஆங்கிலத்தில்தான். அடுத்து ‘லிஸ்ட் வால்யூம்’. லெட்டர், அளவு இரண்டையும் ஒப்பிட்டு வேண்டாத விருந்தாளியைக் கண்டுபிடியுங்கள். அதன் எண் 4 என்றால் ‘செலக்ட் வால்யூம் 4’. உடனே இன்னொரு முறை ‘லிஸ்ட் வால்யூம்’ கொடுங்கள். தேர்ந்தெடுத்த வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். அது சரியான வரியில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ‘ரிமூவ் லெட்டர்=ஈ’. சிவப்புப் பட்டை அந்தக் கணமே காணாமல் போகும், ரீஸ்டார்ட்கூட வேண்டாம். உள்ளே இருப்பது எதுவும் அழியாது, பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுகிறோம்.

அடுத்த அப்டேட்டில் லெட்டர் திரும்ப ஒட்டிக்கொள்கிறதா? அதே வால்யூமைத் தேர்ந்தெடுத்து ‘டீடெயில் பார்ட்டிஷன்’ கொடுத்துப் பாருங்கள். ‘ரிக்வயர்ட்’ என்ற இடத்தில் ‘நோ’ என்றிருந்தால், தானாக லெட்டர் வாங்காதே என்று சொல்லும் பண்பும் பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும். டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் முறை இரண்டு: ஜிபிடி, எம்பிஆர். ஜிபிடி டிஸ்க்கில் ‘ஜிபிடி ஆட்ரிபியூட்ஸ்=’ (gpt attributes=) என்று எழுதி, பூஜ்யம், எக்ஸ், 8, அதன்பின் பதினான்கு பூஜ்யம், கடைசியில் 1 என்று தட்டினால் சரியாகும். பழைய எம்பிஆர் டிஸ்க் என்றால் ‘செட் ஐடி=27’. எந்த வகை என்பதை ‘லிஸ்ட் டிஸ்க்’ சொல்லிவிடும்: ஜிபிடி பத்தியில் நட்சத்திரம் இருந்தால் ஜிபிடி. இந்த இரண்டையும் ரெக்கவரி பார்ட்டிஷனுக்கு மட்டுமே செய்யுங்கள்.

இனி அந்தக் குறைத்த மதிப்பெண். டிஸ்க்பார்ட் ‘நிச்சயமாகவா?’ என்று கேட்காது. ‘கிளீன்’ என்று தட்டினால், தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும், அன்டூ கிடையாது. வால்யூம் எண்ணும் பார்ட்டிஷன் எண்ணும் வேறு வேறு என்பதையும் அது எங்கும் எச்சரிப்பதில்லை. வால்யூம் 4 என்பது பார்ட்டிஷன் 4 ஆக இருக்க வேண்டியதில்லை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அவ்வளவு பயமாக இருந்தால் கமாண்ட் பிராம்ப்டிலேயே ‘மவுன்ட்வால் ஈ: /டி’ (mountvol E: /D) என்ற ஒற்றை வரியே லெட்டரை நீக்கிவிடும். பண்பை மாற்ற அதனால் முடியாது.

அந்த 500 எம்பியை மீட்கலாமே என்று பார்ட்டிஷனை அழிக்கவோ ஃபார்மட் செய்யவோ போகாதீர்கள். விண்டோஸ் கிளம்பாத அன்றைக்கு ஸ்டார்ட்அப் ரிப்பேர் இல்லாமல் யுஎஸ்பியைத் தேடி அலைய வேண்டி வரும். இடத்தைச் சுருக்கினாலும் வம்புதான்: 2024 ஜனவரி அப்டேட் பல கணினிகளில் 80070643 என்ற பிழையோடு நின்றதற்கு ரெக்கவரி பார்ட்டிஷனில் இடம் போதாததே காரணம். அதை 250 எம்பி பெரிதாக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட்டே வழிமுறை தந்தது. பழைய கணினியில் இரண்டு ரெக்கவரி பார்ட்டிஷன் தெரிந்தால், கமாண்ட் பிராம்ப்டில் ‘ரீஏஜென்ட்சி /இன்ஃபோ’ (reagentc /info) கொடுத்து, வரும் வரியில் இருக்கும் பார்ட்டிஷன் எண்ணைப் பாருங்கள். இப்போது பயன்பாட்டில் இருப்பது அதுதான்.

‘இடம் போதவில்லை’ என்ற அறிவிப்பை மட்டும் விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் நிறுத்தும் வழி ஒன்றும் உலவுகிறது. அதைச் செய்தால் சி டிரைவ் நிரம்பும்போதும் எச்சரிக்கை வராது.