சேபர் ஜெட்டின் கதவுகளுக்கு ஒரு சின்னப் பெட்டி

எஃப்-86 சேபர் என்ற அமெரிக்கப் போர் விமானத்தின், ரிமோட்டில் பறக்கும் மாடலில் சக்கரம் இறங்குவதைப் பார்ப்பதே தனி அழகு. சக்கரக் குழியை மூடியிருக்கும், உடம்பை ஒட்டிய கதவுகள் முதலில் திறக்கும். சக்கரம் மாட்டிய கால்கள் இறங்கிப் பூட்டிக்கொண்ட பிறகு அந்தக் கதவுகள் திரும்ப மூடிக்கொள்ளும். மூக்குச் சக்கரம் பின்பக்கமாக மடங்கும்போதே 90 டிகிரி திரும்பி, காற்றுக் குழாயின் அடியில் படுத்துவிடும். 1947-ல் முதலில் பறந்த விமானத்தின் இந்த வரிசையை மாடலிலும் கொண்டுவரத்தான் கதவையும் காலையும் வரிசைப்படி இயக்கும் கதவு சீக்வென்சர் பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். இதே மாதிரிப் பெட்டி பல பெயர்களில் விற்கிறது, அதனால் பிராண்டை விட்டுவிடுகிறேன்.

தீப்பெட்டி அளவுதான். ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவரிலிருந்து, சக்கரத்துக்கான ஒரே ஒரு கட்டளை வழி (கியர் சேனல்) உள்ளே போகிறது. காலை மடக்கி இறக்கும் மூன்று ரிட்ராக்ட் மோட்டாருக்கும், கதவை அசைக்கும் சின்ன மோட்டார்களான சர்வோக்களுக்கும் வெளியே வயர் வருகிறது. சுவிட்ச் ஆன் செய்ததும் கால்கள் அசையாது, கியர் சுவிட்சை ஒருமுறை தட்டிய பிறகே வேலை தொடங்கும். மேஜைமேல் நிற்கும் மாடல் திடீரென்று காலை மடக்கிப் படுத்துவிடாமல் இருக்க இது ஒன்றே போதும், கொடுத்த காசு எனக்கு அப்போதே சரியாகிவிட்டது.

மோட்டார் கடைசிவரை போய்ச் சேர்ந்ததைப் பெட்டி கரண்டை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. கால் முட்டியதும் கரண்டு ஏறும், பெட்டி மோட்டாரை நிறுத்திவிடும். டயர் குழியின் ஓரத்தில் லேசாக உரசினாலும் அதற்கு அதே சேதிதான் போகும், கால் பாதியிலேயே நின்றுவிடும். என் செட்டில் இடது கால் அப்படி நின்றது. மோட்டார் கெட்டுவிட்டது என்று விற்றவர் சொன்னார். டயர் விளிம்பில் சாக்பீஸ் தடவி ஒருமுறை மடக்கிப் பார்த்தேன், குழியின் பின்மூலையில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்ததும் கால் முழுசாக உள்ளே போனது. லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன் என்பதால் பொருளை மாற்றுவதற்கு முன்னால் உரசலைத் தேடுவது எனக்குப் பழக்கம்.

கதவுகளுக்கோ பெட்டி நேரத்தை மட்டும்தான் எண்ணுகிறது. கால் உண்மையில் எங்கே இருக்கிறது என்று கதவுக்குத் தெரியாது. மேஜையில் கச்சிதமாக வைத்த நேரம் வானத்தில் போதாது. பின்பக்கமாக மடங்கும் மூக்குக் கால் இறங்கும்போது எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும், பேட்டரி வேறு இறங்கியிருக்கும். அதனால் கதவு மூடும் நேரத்தைத் தாராளமாகத் தள்ளி வையுங்கள். ஒரு நொடி தாமதமானால் கீழே நிற்பவர் யாருக்கும் தெரியாது, ஒரு நொடி முந்தினால் கதவு காலில் மோதிக் கீலோடு பிய்த்துக்கொண்டு வரும்.

ஒவ்வொரு கதவுக்கும் திறக்கும் எல்லை, மூடும் எல்லை, வேகம் மூன்றையும் தனித்தனியாக வைக்கலாம். கதவு மூடியிருக்கும்போது சர்வோ 'ர்ர்ர்' என்று முனகினால் எல்லையைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் பறக்கும் நேரம் முழுக்க சர்வோ சூடாகும். ஆனால் பெட்டியால் செய்ய முடியாத ஒன்றும் உண்டு. மூடிய நிலையில் சர்வோ கையும், அதைக் கதவோடு இணைக்கும் தள்ளுகம்பியும் ஒரே நேர்கோட்டில் வரும்படி நாம்தான் பொருத்த வேண்டும். அப்போது வேகத்தில் காற்று கதவை வெளியே உறிஞ்சினாலும் அந்த இழுவை சர்வோவின் பல்சக்கரத்தில் விழாது.

நம் நாட்டில் சேபர் என்றதும் 1965 போரும், பாகிஸ்தானின் சேபரை எதிர்த்த நம் விமானப்படையின் சின்ன நாட் விமானமும்தான் நினைவுக்கு வரும். அந்த நாட் சக்கரத்தைப் பாதி இறக்கி, அதன் கதவுகளையே காற்றுத் தடையாகப் பயன்படுத்தியது. அதை மாடலில் செய்துபார்க்க எனக்கு ரொம்ப ஆசை. இந்தப் பெட்டியில் நடுநிலை என்று ஒன்று இல்லை, முழுசாக மேலே அல்லது முழுசாகக் கீழே.

எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் ரிமோட் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள டிலே (தாமதம்), ஸ்லோ (மெதுவாக்கல்) இரண்டையும் போட்டு இதே வரிசையைக் காசில்லாமல் கொண்டுவரலாம். அதற்குக் கதவுகளுக்கென்று தனிச் சேனல்கள் வேண்டும். எட்டுச் சேனல் ரிசீவரில் ஃபிளாப், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் போன பிறகு எனக்கு இடமில்லை, அதனால்தான் பெட்டி.

குறை என்றால் வயர்கள் குட்டை, இறக்கைவரை எட்ட நீட்டிப்பு வயர் தனியாக வாங்க வேண்டும். கனெக்டர்களில் பூட்டும் கிடையாது, அதிர்வில் கழன்றுவிடாமல் ஒவ்வொன்றுக்கும் கிளிப் போட்டிருக்கிறேன். கதவு காலோடு சேர்ந்து திறந்தபடியே நிற்கும் எஃப்-16 மாதிரி மாடலுக்கு இதை வாங்க வேண்டாம், அங்கே ஒரே கட்டளையை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஒய் வயரும் மெதுவான சர்வோவும் போதும்.