குன்னூர் ஞாயிற்றுக்கிழமை குடும்பக் கூட்டம்: எட்டு மாத அனுபவம்

என் வீட்டுக்காரர் குடியை விட்டு நாலு மாசம் ஆகியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், "சாம்பார்ல உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கையிலிருந்த கரண்டியைச் சுவரில் வீசி அடித்தேன். பதினொரு வருஷம் தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் சாப்பிட்ட மனுஷன். மூடி வைத்த சோற்றை எத்தனை காலை கோழிக்குப் போட்டிருக்கிறேன்!

அந்த வாரம்தான் இந்தக் கூட்டத்துக்கு முதன்முதலாகப் போனேன். அல்-அனான் வழியில் நடக்கிறது. குடித்தவருக்கு அல்ல, அவரோடு வாழ்கிற நமக்கு. கட்டணம் கிடையாது, கடைசியில் ஒரு டப்பா சுற்றி வரும், விருப்பம் இருந்தால் போடலாம். முழுப் பேரோ வீட்டுக்காரர் வேலையோ யாரும் கேட்பதில்லை. கட்டபெட்டு மாதிரி சின்ன ஊரிலிருந்து போகிறவளுக்கு அது பெரிய ஆறுதல்.

ஒருவர் பேசும்போது குறுக்கே பேச மாட்டார்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள். திருந்திய மனுஷன் மேல் இப்போது போய் ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்டு அழுதேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு அக்கா லோயிஸ் கதையைச் சொன்னார். குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி. கணவர் குடியை விட்ட பிறகு ஒரு நாள், கூட்டத்துக்கு நேரமாச்சு, கிளம்பு என்று அவர் சொன்னதும் லோயிஸ் ஷூவைத் தூக்கி அவர் மேல் எறிந்தாராம். 1951-ல் அல்-அனானைத் தொடங்கியவர்களில் அந்தம்மாவும் ஒருவர். "அவர் குடிச்சிட்டிருந்தப்ப கோபப்பட உனக்கு நேரம் ஏதும்மா? கேட் சத்தம் கேக்குதா, அடகுக் கடைக்கு வட்டி கட்டியாச்சான்னுதானே ஓடிட்டிருந்தே" என்றார் அக்கா.

நான் கோபப்பட்டால் அவர் மறுபடியும் டாஸ்மாக் வாசலில் போய் நிற்பாரோ என்ற பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த நோயை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது என்று அங்கே அடிக்கடி சொல்வார்கள். அது எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆனது. அப்புறம் அந்த அக்கா செய்வது போலவே நானும், ஒரு தடவைக்கு ஒரு சம்பவம், காலையில், இரண்டு பேரும் சாப்பிட்ட பிறகு சொல்ல ஆரம்பித்தேன். பசியிலும் அசதியிலும் பேச்சை எடுப்பதில்லை. முதலில் சொன்னது, மகளின் கம்மலை அடகு வைத்தது. டீயில் நனைத்த வர்க்கி அவர் கையிலேயே ஊறி டம்ளருக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரிடம், "இன்னைக்கு வேண்டாங்க, கேட்டுக்கிட்டா போதும்" என்றேன்.

குறை என்றால், புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். டிசம்பரில் அந்த அறையில் சால்வை இல்லாமல் உட்கார முடியாது. டாக்டரோ கவுன்சலரோ நடத்துவது அல்ல; வீட்டில் அடி உதை இருந்தால் முதலில் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணுங்கள். குடிக்கிறவரின் சிகிச்சைக்கு வழி கேட்க 14446 என்ற போதை மீட்பு உதவி எண் இருக்கிறது.

இந்த ஞாயிறும் போகிறேன். அடுத்து அவரிடம் சொல்ல வேண்டியது, சின்னவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நான் தனியாகக் கிடந்தது. அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை. முதலில் அக்காவிடம் சொல்லிப் பார்க்க வேண்டும்.